மெஹராஜ் தேடிய ஐஸ் தரை

கோயமுத்தூரில் கிடைக்காத சாமான் எது, சொல்லுங்கள் பார்ப்போம். மோட்டார் வேண்டுமா, பம்பு செட்டு வேண்டுமா, மாவாட்டுகிற கிரைண்டர் வேண்டுமா, ஜெர்மனிக்காரன் மெஷினில் உடைந்துபோன பல்சக்கரத்துக்கு மாற்று வேண்டுமா, டவுன்ஹாலில் பஸ் இறங்கி ரெண்டு பேரை விசாரித்தால் போதும். சாயங்காலத்துக்குள் கையில் வந்துவிடும். அப்படி மார்தட்டிக்கொள்கிற ஊரில், ஒரு பெண்பிள்ளை ஏறி நின்று சறுக்குவதற்கு ஒரு ஐஸ் தரை இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. அந்த உண்மை மெஹராஜுக்கு உறைக்க, தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கார்த்திகை முழுக்க நடையாய் நடக்க வேண்டியிருந்தது.

"ஐஸ்காரி ஐஸத் தேடி அலையறா" என்று அவள் குடியிருக்கும் கோட்டைமேட்டுப் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெஹராஜ் வீட்டில் பொழுது விடிந்தால் ஐஸ், பொழுது போனால் ஐஸ். அவள் புருஷன் யாகூப் தள்ளுவண்டியில் குல்பி விற்கிறவர். விற்பது மட்டும்தான் அவர் வேலை. செய்வதெல்லாம் மெஹராஜ்.

காலையில் பாலைச் சுண்டக் காய்ச்சுவாள். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுத் தகர டின்களில் ஊற்றி, மூடி இடுக்கில் மைதாவைப் பிசைந்து அப்புவாள். டின்களைப் பெரிய மரத்தொட்டியில் அடுக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸைக் கொட்டி, ஐஸ் மேல் கல்லுப்பை அள்ளி வீசுவாள். உப்பு விழுந்ததும் ஐஸுக்கு வெறி பிடித்த மாதிரி குளிர் ஏறும். அந்தக் குளிருக்குள் கையை விட்டு டின்களைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே பக்கமாக உருட்டினால் குல்பி ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் பாலாகவும் நின்றுபோகும்.

கல்யாணமாகி வந்த வாரமே அந்தத் தொட்டிக்குள் போன கைகள் அவளுடையவை. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. வெடிப்பில் உப்பு இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் தெறிக்கும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள், மெழுகு உருக்கி வைத்துப் பார்த்தாள், பெரியாஸ்பத்திரிக் களிம்பையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் பிரியாணிக்கு உட்கார்ந்தால் மசாலா பட்டு எரியும். பக்கத்தில் இருக்கிறவள் பார்த்துவிடக் கூடாதே என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எல்லோரும் எழுந்த பிறகு அவசர அவசரமாகச் சாப்பிடுவாள்.

அவளுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. பட்டுச்சேலை கேட்டதில்லை, வீடு கட்டு என்று புருஷனைப் பிடுங்கியதில்லை. பிடிவாதம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஒற்றை மகள் யுஸ்ராவின் கை அந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது யுஸ்ரா விளையாட்டாகத் தொட்டியில் கை விட்டுவிட்டாள். மெஹராஜ் அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு, மகள் அழுததைவிட அதிகமாகத் தானே அழுதாள்.

யாகூப் சாயங்காலம் வண்டி நிறுத்துவது ஒரு பூங்கா வாசலில். உள்ளே ஒரு சிமென்ட் தளம் உண்டு. நூல் மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு விசிலும் கழுத்துமாக வருகிற சென்னகேசவன் என்கிற கோச், அங்கே பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுப்பார். அத்தாவோடு வண்டிக்குத் துணையாக வருகிற ஒரு சின்னப்பெண் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கண்கொட்டாமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் யாரோ விட்டுப்போன பழைய ஸ்கேட்டை அவள் காலில் கட்டிவிட்டார். கட்டிய அன்றே யுஸ்ரா ஓடினாள். விழுந்தாள், முழங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். கோச் வண்டிப் பக்கம் வந்து, "யாகூப் பாய், இந்தப் புள்ளய எங்கிட்ட உட்டுப்போடுங்க" என்றார்.

விட்டுவிட்டார்கள். முழுக்கைச் சட்டையும் இறுக்கிக் கட்டிய ஸ்கார்ப்புமாக அவள் மாவட்டத்தில் ஜெயித்தாள், சேலத்துக்குப் போய் ஜெயித்தாள். தெருவில் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். "எம் புள்ள ஓடறா, உங்களுக்கு எங்கீங்க வலிக்குது?" என்று யாகூப் ஒரு நாள் பொறுமையாகக் கேட்டார். அதோடு முணுமுணுப்பு நின்றது.

யுஸ்ரா பிளஸ் டூ வந்தாள். மார்க் சுமார்தான். ஆனால் ஒரு பெண்கள் காலேஜில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய சீட் இருந்தது. நேஷனல் போட்டி ஒன்றில் ஓடியிருந்தால் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அந்த வருஷம் சக்கர ஸ்கேட்டிங் நேஷனலுக்கு மெட்ராஸ் பிள்ளைகளே முந்திக்கொண்டார்கள். ஐஸ் ஸ்கேட்டிங்கில் மட்டும் தமிழ்நாட்டுக்கு ஒரு இடம் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஜனவரியில் இமயமலைப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் போட்டி.

"அந்த எடத்துக்கு நம்ம யுஸ்ராதாங்க சரியான ஆளு" என்றார் கோச், மெஹராஜிடம். "ஆனா ஒரு சிக்கல். போன வருசம் ஐஸையே பார்க்காத பையன் ஒருத்தன் போயி, முன்பல்லை ஒடச்சுட்டு வந்துட்டானுங்க. அதனால, ஐஸ் மேல ஓடறதக் கோச் கண்ணுல பார்த்துப்போட்டுத்தான் பேரக் குடுக்கோணும்னு மெட்ராஸ் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நம்மகிட்டப் பழகற யுவஸ்ரீ இருக்கறா பாருங்க, அவ மாமன் ஊடு துபாயில. லீவுக்குப் போனப்ப அங்க ஐஸ்ல ஓடியிருக்கறா, வீடியோ கேசட்டுல நானே பார்த்தேன். வேகம் யுஸ்ரா அளவுக்கு வராது. இருந்தாலும் ஓடியிருக்கறா."

"எங்க புள்ளயும் ஓடிக்காட்டினாப் போதுமுங்களா?"

"ஒரு ரெண்டு சுத்து ஓடட்டும், போதும். இவ பேரையே எழுதிப்போடறேன்."

சொல்வது சுலபம். எங்கே ஓடுவது?

ஒப்பணக்காரத் தெருவில் விளையாட்டுச் சாமான் கடைக்காரரிடம் கேட்டாள். அவர் கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "சிம்லாங்கம்மா" என்றார். ஊட்டியில் உறைபனி விழுகிறதே என்று யாரோ சொன்னார்கள். தாயும் மகளும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனார்கள். புல் நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் பூத்திருந்தது. வெயில் பட்டதும் அதுவும் போய்விட்டது. மெட்ராசில் ஒரு பொருட்காட்சியில் ஐஸ் தரை போட்டிருக்கிறார்கள் என்று சொந்தக்காரர் போனில் அடித்துச் சொன்னார். யாகூப் மகளைக் கூட்டிக்கொண்டு போத்தனூரில் ரயிலேறினார். போய்ப் பார்த்தால் அது மெழுகு தேய்த்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. சீட்டுக் கிழிக்கிறவனிடம், இது ஐஸ் இல்லையே தம்பி என்று கேட்டதற்கு, ஐஸ் மாதிரி இருக்கிறதா இல்லையா என்று அவன் கேட்டானாம். யாகூப் வந்து இதைச் சொன்னபோது மெஹராஜ் கையிலிருந்த டின்னை ணங்கென்று கீழே வைத்தாள். ஐஸ் மாதிரி இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவளுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் துஆவுக்கு நடுவில் ஐஸ்தான் வந்து நின்றது. யா அல்லா, நான் கேட்பது பொன்னா, பொருளா, நான் தினமும் அள்ளிக் கொட்டுகிற அதே சனியன்தானே, அதைக் கொஞ்சம் தரையாகக் கொடுக்கக் கூடாதா என்று அவனிடமே சண்டை போட்டாள். போட்டுவிட்டுப் பயந்துபோய்க் கன்னத்தில் தட்டிக்கொண்டாள்.

அப்படிச் சண்டை போட்ட ஒரு நாள்தான் அரங்கசாமியின் நினைப்பு வந்தது. போத்தனூர் ரோட்டில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். யாகூப் அவரிடம்தான் ஆண்டாண்டு காலமாக ஐஸ் எடுக்கிறார். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் நீள நீளமான தகர கேன்களை இறக்கி, கேனுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்து வருகிற ஐஸ் பார்களைத் தூக்கி, பக்கத்தில் தெர்மாகோல் சுவர் வைத்த குளிர் ரூமில் அடுக்குவார்கள். மெஹராஜ் யாகூபை அனுப்பவில்லை. தானே போனாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு சங்கதி கேக்கோணும்."

"கேளு அம்மணி."

"உங்க குளிர் ரூமுல ஐஸ் பாரெல்லாம் படுக்க வெச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப்போட்டா தரையாட்டம் ஆயிருமுங்களா?"

எதற்கு என்று அரங்கசாமி கேட்டார். அவள் முழுக்கதையையும் சொன்னாள். காலில் விழாத குறை.

"மீனுக்குக் கேப்பாங்க, சோடாக்கடைக்குக் கேப்பாங்க, எழவு ஊட்டுல பொணத்துக்குக் கேப்பாங்க" என்றார் அவர். "ஏறி வெளையாடறதுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்ல அம்மணி."

ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. மார்க்கெட்டுக்கு அனுப்புகிற பார்களைச் சனிக்கிழமை முன்கூட்டியே வெளியே எடுத்து மரத்தூளில் வைத்துக்கொள்வதாகவும், அன்று ரூமைக் காலி செய்து தருவதாகவும் சொன்னார். நடுவில் வெள்ளை பூத்து வியாபாரத்துக்கு ஆகாமல் ஒதுக்கிய பார்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "தை மாசம் எம் பொண்ணு கல்யாணம். குல்பி உன் கையால செஞ்சு குடுத்துப்போடு, அது போதும்." மெஹராஜ் அழுதே விட்டாள்.

காலணிக்கு என்ன செய்வது? அதற்குத்தான் கோயமுத்தூர் இருக்கிறதே. யாகூபின் சிநேகிதர் ரசாக், கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐஸ் ஸ்கேட்டை அவர் கனவிலும் கண்டதில்லை. கோச் ஒரு புத்தகத்துப் படத்தைக் காட்டியதும், இரும்பு அறுக்கிற பெரிய பிளேடை எடுத்துச் சாணை பிடித்து, உக்கடத்தில் வாங்கிய பழைய பூட்ஸின் அடியில் ஆணியறைந்து கொண்டுவந்துவிட்டார். "இது இங்கிலீஸ்காரன் செஞ்சதவிட எச்சா நிக்கும் தங்கச்சி" என்று மெஹராஜிடம் பெருமையாகச் சொன்னார். நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளேடின் மேல் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் யாகூபும் ரசாக்கும் தோள் வலிக்க வலிக்கப் பார்களை இழுத்து, உமி மேல் சாக்கு விரித்துப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தார்கள். ரூம் நிறைய ஒரு தரை ஆயிற்று. இடுக்குகளில் நொறுக்கின ஐஸை அடைத்து மெஹராஜ் தண்ணீர் தெளித்தாள். அரங்கசாமி வந்து காலால் தட்டிப் பார்த்தார்.

"கட்டிக்கும் அம்மணி. மெசின் ஓடற வரைக்கும் கவலை இல்ல. ஒண்ணும் நோண்டாம, பொட்டாட்ட அப்படியே உட்டுப்போடுங்க. அதுவா இறுகிக்கும்."

சாயங்காலம் யுஸ்ரா பூட்ஸ் போட்டுக்கொண்டு, அத்தா கையைப் பிடித்து ஓரமாக ஏறினாள். முதலில் கால் ரெண்டும் ரெண்டு பக்கம் போயிற்று. அப்புறம் ஓரடி, இன்னொரு அடி. கையை விட்டுவிட்டாள். ஓரத்திலேயே சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு, மூச்சில் புகை வர, திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, சக்கரத்துல நாம தள்ளித் தள்ளிப் போகோணும். இது அப்படி இல்லம்மா. அதுவா கூட்டிட்டுப் போகுது."

மெஹராஜ் அந்த முகத்தைப் பார்த்தாள். தன் வயிற்றில் பிறந்தது இத்தனை அழகா என்று இருந்தது. திருஷ்டி பட்டுவிடும் என்று சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நடுவில் இன்னும் இறுகவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோச்சுக்கு அவிநாசி கோயிலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையிலேயே இங்கே வந்து யுஸ்ராவைப் பார்த்துவிட்டு, அப்படியே கல்யாணத்துக்குப் போய், திரும்பி வந்து மெட்ராசுக்குப் போன் செய்து பேரைச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அன்றைக்குத்தான் கடைசி நாள்.

விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு யாகூப் மெஹராஜைச் சைக்கிளில் கொண்டுவந்து கம்பெனியில் விட்டுவிட்டு, மகளைக் கூட்டிவரத் திரும்பிப் போனார். வாட்ச்மேன் கதவைத் திறந்தபடியே சொன்னார்: "ராத்திரி கரண்ட்டு போயிப் போச்சுங்கம்மா. இப்பத்தான் சித்த முன்ன வந்துச்சு."

மெஹராஜ் உள்ளே ஓடினாள். தரை இருந்தது. ஆனால் மேலே ஈரம் பளபளத்தது. விரலால் இடுக்கை அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று.

மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பொறுத்திருந்தால் மத்தியானத்துக்குள் இறுகியிருக்கும். கோச்சிடம் சொல்லி, கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் வாருங்கள் என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? ஆனால் மெஹராஜால் அதைக் கேட்க முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இத்தனை பேர் இத்தனை உதவி செய்திருக்கிறார்கள், இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அவர்களுக்குச் சிரமம் என்று நாக்கை மடக்கிக்கொள்வார்கள். நாக்கை மடக்கிக்கொண்டு, தங்கள் கைக்குத் தெரிந்த வேலையில் இறங்கிவிடுவார்கள்.

மெஹராஜ் சுற்றும்முற்றும் பார்த்தாள். மூலையில், தொட்டிக்குப் போடுகிற கல்லுப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது.

ஐஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். குளிர் போதாது என்றால் உப்புப் போடு. இத்தனை வருஷம் அவளைக் கைவிடாத சங்கதி அது. பாலையே கல்லாக்குகிற உப்பு, தண்ணீரைக் கல்லாக்காதா? இந்தக் கம்பெனியில் இத்தனை ஐஸும் உப்புத் தொட்டியில்தானே உறைகிறது? வேறு யோசனையே அவளுக்கு வரவில்லை. பிஸ்மில்லா சொல்லி மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

இடுக்கு இடுக்காக அள்ளி அடைத்தாள். தரை முழுக்க வீசினாள். தன் கையாலேயே பரப்பித் தேய்த்தாள். குளிர் ஏறியது. எப்படி ஏறியது என்கிறீர்கள், பழக்கப்பட்ட அவள் கையே மரத்துப்போகிற அளவுக்கு ஏறியது. தரையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வெடிப்பெல்லாம் வாய் திறந்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. பிடிக்குது, பிடிக்குது என்று வாய் முணுமுணுத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் உப்பில் கை வைத்தது வாழ்நாளிலேயே அன்று ஒரு நாள்தான்.

கோச் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்தார். குளிருக்கு அங்கவஸ்திரத்தைத் தலையோடு சுற்றிக்கொண்டார். ரசாக் வந்தார், யாகூப் வந்தார். யுஸ்ரா பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் கால் வைத்தாள். வைத்த காலை ஒரு நொடி அப்படியே நிறுத்தினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மெஹராஜ் கதவோரம் ரெண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடித் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

யுஸ்ரா ஓடினாள்.

ஓடினாள் ஐயா, ஓடத்தான் செய்தாள். அந்த நீளம் முழுக்கக் குனிந்து, கை வீசி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் போனாள். "சபாஷ்" என்றார் கோச். மெஹராஜ் கண்ணைத் திறந்தாள். மகள் அந்தப் பக்கத்துச் சுவரோரம் உடம்பைச் சாய்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் பாரம் முழுக்க இறங்கிய இடத்தில் இடுக்கு இருந்தது. பிளேடு உள்ளே போயிற்று. பிளேடு நின்றுவிட்டது. பிள்ளை நிற்கவில்லை. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கோச்தான் முதலில் ஓடி அவளைத் தூக்கினார். பட்டு வேட்டியெல்லாம் நனைந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மெஹராஜ் பின்னாலேயே போகத் திரும்பியவள், வாசற்படியில் கால் நனைய, கீழே பார்த்தாள். ரூமிலிருந்து தண்ணீர் ஓடிவந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த தண்ணீர். தினமும் சாயங்காலம் குல்பி டின்களை எடுத்துக்கொண்டு, தொட்டியைச் சாய்த்து அவள் சாக்கடையில் கொட்டுகிற அதே உப்புத் தண்ணீர். டின்னுக்குள் இருப்பது உறைகிறதா என்றுதான் அவள் இத்தனை வருஷமும் திறந்து திறந்து பார்த்தாள். வெளியே இருக்கிற ஐஸ் கரைகிறதே என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

கணுக்காலில் ரெண்டு இடத்தில் முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். இந்த வருஷத்துக்கு ஓட்டமெல்லாம் வேண்டாம், அப்புறமும் பார்த்துத்தான் என்றார் டாக்டர். கோச்சுக்கு முகூர்த்தம் தவறிப்போயிற்று. சாயங்காலம் யாகூபின் தோளைத் தொட்டு, "பேரு குடுக்கோணுங்க பாய்" என்றார். யாகூப் தலையாட்டினார். யுவஸ்ரீயின் பேர் போயிற்று.

ஒருத்தரும் மெஹராஜை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கரண்ட்டு கெடுத்துப்போட்டுதுங்கம்மா" என்றார் கோச். "அந்தப் பூட்ஸ நான் இன்னும் நல்லாப் பண்ணியிருக்கோணும்" என்று ரசாக் தன் தலையில் போட்டுக்கொண்டார். அரங்கசாமி ரூமைக் கழுவி விட்டபோது, வாய் பிரித்த உப்பு மூட்டை காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். சாக்கை உதறி மடித்து ஓரமாக வைத்துவிட்டு, யாகூபிடம், "புள்ளைக்கு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருத்தராவது அவளை நிற்க வைத்துத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொறுக்க மாட்டாமல் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் அவளே ஆரம்பித்தாள்.

"உப்பு நாந்தான் போட்டேன் கண்ணு. கரண்ட்டு இல்ல. நாந்தான்."

"தெரியும்மா" என்றாள் யுஸ்ரா. "கால் வெச்சதுமே சரசரன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏண்டி ஓடுன?"

யுஸ்ரா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கையேந்திட்டு நின்னுட்டிருந்தே. கையில ரத்தம் வந்துட்டிருந்துச்சு. அதப் பார்த்துப்போட்டு எப்படிம்மா ஐஸ உட்டு எறங்கறது?"

மெஹராஜ் கட்டிலின் இரும்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்கிற வரைக்கும் அழுதாள்.

டிசம்பர் கடைசியில், போட்டிக்குக் கிளம்புமுன் யுவஸ்ரீ வீட்டுக்கு வந்து, கட்டிலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "போயிட்டு வாரேன் யுஸ்ரா" என்று சொல்லிப் போனாள். அந்தப் பெண்ணும் அழுதுகொண்டுதான் போனாள். காலேஜ் சீட்டைப் பற்றி வீட்டில் யாரும் அப்புறம் பேசவில்லை.

தை மாதம் பிறந்தது. அரங்கசாமி வீட்டுக் கல்யாணத்துக்குக் குல்பி போகவேண்டும். வாக்குக் கொடுத்தது, சும்மாவும் இல்லை, ஐஸ் வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு. பால் காய்ச்சியாயிற்று, டின்கள் நிறைந்தாயிற்று, மரத்தொட்டியும் போதாமல் பக்கத்து வீட்டு அண்டாவும் வந்தாயிற்று. மெஹராஜின் கைதான் இல்லை. அன்றைக்கு உப்பில் தேய்த்த கை சீழ் பிடித்து, ரெண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாகூப் டின்களை உருட்டிப் பார்த்தார். பழக்கமில்லாத கை, மூடி பிரிந்து பாலில் உப்பு ஏறிப்போயிற்று. ரெண்டு டின்னைக் கொட்டினார்கள்.

யுஸ்ரா கட்டிலிலிருந்து இறங்கினாள். கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து தொட்டிப் பக்கம் வந்தாள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

"எடுறீ கைய" என்றாள் மெஹராஜ்.

"கல்யாண ஊட்டுல காத்திட்டிருப்பாங்கம்மா. என் கை சும்மாதான இருக்குது."

சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். மெஹராஜ் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையில் துணி சுற்றியிருந்தது. அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அப்புறம் கீழே இறங்கியது. மகளின் முகம் குளிரில் ஒரு கணம் சுருங்கி, பிறகு சாதாரணமாகிவிட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கல்யாண வீட்டு வேன் வந்து ஹாரன் அடித்தது. யாகூப் வெளியே போனார்.

உப்புப் போட வேறு ஆள் இல்லை. மெஹராஜ் உப்புச் சட்டியை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் தூக்கி, மகளின் கை இல்லாத பக்கமாகப் பார்த்துச் சாய்த்தாள்.

"ஒரே பக்கமா உருட்டாத கண்ணு" என்றாள். "ஒரு பக்கம் கல்லாயிரும்."